குறை சொல்லாமல் ஐந்து

பாய்லர் வெடித்தபோது நான் கம்பெனிக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் மேல் ஒரு கீறல்கூட இல்லை. "நல்லவேளை, உனக்கு ஒண்ணும் ஆகல" என்று வீடு தேடி வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு நானும் அதை நம்பிவிட்டேன்.

நல்லூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி அது. என் வீட்டுக்காரர் அங்கே அயர்ன் மாஸ்டர், நான் செக்கிங். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று தேடி, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. அயர்ன் பெட்டிக்கு நீராவி கொடுக்கிற பாய்லர்தான் வெடித்தது. ஏதோ லாரி டயர் என்று நினைத்தேன். உள்ளே ஓடினால் ஒரே ஆவி, கூச்சல். அவர் குப்புறக் கிடந்தார். சட்டை எது, முதுகு எது என்று தெரியவில்லை. அதற்கு மேல் எழுத இப்போதும் கை வரவில்லை.

அவர் பிழைத்துவிட்டார். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, புண் ஆறி, வீட்டுக்கு வந்து, பார்க்க வருகிறவர்களிடம் "என்னைய நானே அயர்ன் போட்டுக்கிட்டனுங்க" என்று கேலி பேசும் அளவுக்குத் தேறிவிட்டார். தோல் இறுகாமல் இருக்க தினமும் முதுகில் மருந்து தடவித் தேய்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கட்டியவள் செய்கிற வேலைதானே? என்னால் முடியவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு அவர் திரும்பி உட்காருவார். மருந்தை விரலில் எடுப்பேன். முதுகைப் பார்த்ததும் காது அடைக்கும், ஏறிய மூச்சு இறங்காது. "அடுப்புல பால் வெச்சனுங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடிவிடுவேன்.

அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார் சாயங்காலமானால் வந்து தடவிவிட்டுப் போக ஆரம்பித்தார். "கட்டுனவ தொட்டா கை என்ன தேஞ்சா போயிரும்?" என்று ஒருநாள் அவர் வாசலில் நின்று கேட்டது தெருவுக்கே கேட்டது. நான் ஒன்றும் வாயில்லாப்பூச்சி கிடையாது. ஒன்று கேட்டால் நாலு திருப்பிக் கொடுக்கிறவள். அன்றைக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்னத்தைச் சொல்வது? வெந்தவர் சிரித்துக்கொண்டிருக்கிறார், வேகாதவள் நடுங்குகிறேன் என்றா? வீட்டுக்காரராவது ஒரு வார்த்தை ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கோபம் வேறு எனக்கு.

செக்கப்புக்கு அவரோடு போயிருந்தபோது, டாக்டர் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்த இடத்திலேயே மயங்கி விழுந்தேன். நர்ஸ் முகத்தில் தண்ணீர் தெளித்து, அதே ஆஸ்பத்திரியில் மனசுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலரிடம் அனுப்பிவைத்தார். சின்னப் பெண், எனக்கொரு மகள் இருந்திருந்தால் அந்த வயசு இருக்கும். மதுரைப் பக்கத்துப் பேச்சு.

"பைத்தியத்துக்குப் பாக்கறவங்களா கண்ணு நீ?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்.

"பயத்துக்குப் பாக்குறவக்கா" என்றாள். "பயம் வந்தா மனசு அன்னைக்கு வெடிச்ச எடத்துக்கே ஓடிப்போயிரும். அதை இழுத்துட்டு வந்து இந்த நிமிஷத்துல உக்கார வைக்கணும். கண்ணுக்குத் தெரியிறதுல அஞ்சு சொல்லுங்க பாப்போம். அப்புறம் கைக்குத் தட்டுப்படுறது, காதுக்குக் கேக்குறது."

இது என்ன பெரிய வித்தை என்று மளமளவெனச் சொன்னேன். "செவுத்துல பெயிண்ட் உரிஞ்சிருக்குது. ஃபேன் ரெக்கை ஒண்ணு வளைஞ்சிருக்குது. காலண்டர் கோணலாத் தொங்குது. மேசைல டீக் கறை. உன்ற துப்பட்டா ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்குது, கண்ணு."

அவள் துப்பட்டாவைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "இப்போ குறை சொல்லாம அஞ்சு சொல்லுங்கக்கா."

அய்யோ சாமி! வாயே வரவில்லை. சுவர் என்று சொல்லப் போனால் உரிந்த இடம்தான் கண்ணில் நிற்கிறது. ஃபேன் என்றால் அந்த வளைந்த றெக்கை. நல்ல பீஸை ஒதுக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பதுதானே பழக்கம், அதை யார் உட்கார்ந்து பார்த்தார்கள்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் முதுகையும் மேசையில் விரித்த பனியனைப் போலத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தழும்புக்குத் தழும்பு என் கண் அம்பு ஒட்டியிருக்கிறது. கடைசியில், "செவுரு. மஞ்சளா இருக்குது" என்று ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் பழகினேன். நீல வாளி. பச்சை மிளகாய். ஜன்னல். வாளியில் விரிசல் என்று நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். வீரபாண்டிக்குப் போகிற பஸ்ஸில் ஒருநாள், வெளியே ரோட்டோரம் யாரோ பட்டாசு வெடித்தபோது உடம்பு தூக்கிப்போட்டது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கம்பி, சில்லுன்னு இருக்குது. சீட்டு, மெத்துன்னு இருக்குது" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். போனால் போகட்டும், எனக்கு மூச்சு இறங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கல்யாணத்துக்கென்று மங்கலம் போய்விட்டார். "ஒரு நாள் தடவலீனா ஒண்ணும் ஆவாது, உடு புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"திரும்பி உக்காருங்க" என்றேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை வைத்தேன். காது அடைத்தது. ஓடிவிடு ஓடிவிடு என்று கால் துடித்தது. கையை மட்டும் எடுக்கவில்லை. "சூடா இருக்குது" என்று மெதுவாகச் சொன்னேன். "இங்க வழவழன்னு இருக்குது. இது தோள்பட்டை எலும்பு. இது மூச்சு, ஏறி எறங்குது."

"என்ன புள்ள, மந்திரம் போடற?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "உங்க முதுகப் பாத்தா அன்னிக்கு நீங்க கெடந்தது கண்ணு முன்னால வந்துருதுங்க. பயத்துல உசுரே போயிருதுங்க. அதுக்குத்தான் இந்தக் கூத்து."

கைக்கு அடியில் முதுகு குலுங்கியது. நக்கலாகச் சிரிக்கிறார் என்று எரிச்சலோடு கண்ணைத் திறந்தேன். அழுதுகொண்டிருந்தார். வெந்து கிடந்தபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன்.

"பயமா? நெசமாலுமே பயந்தானா புள்ள?" என்றார். "அருவருப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன். எங்கிட்ட வரவே உனக்குக் கொமட்டுதுன்னு."

இத்தனை மாதமும் இந்த நினைப்பை உள்ளே வைத்துக்கொண்டா இந்த மனுஷன் ஊரைச் சிரிக்கவைத்தார்? இதனால்தான் ஏன் என்று ஒருதரம்கூடக் கேட்கவில்லையா? "அட பாவி மனுஷா!" என்று கத்தினேன். மருந்துக் கையோடு பின்னாலிருந்து அவரைக் கட்டிக்கொண்டு, அந்த முதுகிலேயே முகத்தை வைத்து ஓவென்று அழுதேன்.