அச்சேறாத இரண்டாம் பாகம்

மண்ணெண்ணெய் கலந்த மையின் மணம்... இப்போதும் எங்காவது அந்த வாடை அடித்தால் எனக்குத் தலை இடிக்கும். கூடவே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞாபகமும் வரும்.

பலாலி வீதியில், பல்கலைக்கழகக் கம்பஸுக்குக் கிட்ட ஒரு சின்ன பிரஸ். கரண்ட் இல்லாத காலம், மெஷினைக் காலால் மிதித்துத்தான் ஓட்டவேண்டும். நான் அங்கே புரூஃப் பார்க்கிற பிள்ளை. முதலாளி மலரக்கா. புருஷன் வெளிநாடு போனபிறகு பிரஸ்ஸைத் தனியே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவர்.

தொண்ணூறில் திரும்பச் சண்டை தொடங்கி, பாதையும் மூடி, சாமான்களுக்குத் தடையும் வந்தபிறகு காகிதம் வருவது நின்றுபோனது. கிளாலிக் கடல் தாண்டி யாராவது கொண்டுவந்தால் உண்டு. இல்லாவிட்டால் பள்ளிக்கூடக் கொப்பிக்கு வைத்திருந்த கோடு போட்ட தாள்தான்.

அதனால் எந்தப் புத்தகம் வரும் என்பதை எழுதியவர் முடிவெடுப்பதில்லை. வாசலில் வந்து இறங்கிய தாள் கட்டைப் பார்த்துவிட்டு மலரக்கா முடிவெடுப்பார். யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்... இது எத்தனை கைக்குப் போகும்? கவிதை கொண்டுவந்த கம்பஸ் பெடியன்கள் இந்தக் கேள்வியிலேயே முகம் வாடித் திரும்பிப் போவார்கள். பாவங்கள்.

வாடாத ஒரே முகம் சேவியர் அண்ணை. குருநகர்க்காரர். கடலுக்குப் போகத் தடை வந்து, ஷெல்லும் விழத் தொடங்க, குடும்பத்தோடு எங்கள் பக்கம் வந்து இருந்தார். வாய் ஓயாது மனுசனுக்கு. பின்னேரங்களில் பிள்ளைகளைச் சமாளிக்க ஒரு விளையாட்டுக் கதை கட்டியிருந்தார், அதைத்தான் எழுதிக்கொண்டு வந்தார்.

ஒருவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு கதையைச் சொல்லவேண்டும். அவர்தான் காற்று. மற்றவர்கள் வள்ளத்தில் போகிற ஆட்கள்... சுக்கான் பிடிப்பவர், வலை போடுபவர், சமைப்பவர். புயல் வந்தால் என்ன செய்யப்போகிறோம் என்று அவரவர் வாயால் சொல்லிவிட்டுச் சோகி, அதுதான் சோழி, உருட்டவேண்டும். சோகி எப்படி விழுகிறதோ, அப்படி மிச்சக் கதை போகும்.

மலரக்காவும் நானும் ஒருநாள் அவரோடு இருந்து புயல் வரைக்கும் விளையாடிப் பார்த்தோம். அக்கா சுக்கான். இருந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை, குடிக்க வைத்த பிளேன்ரீ ஆறிப்போனது. ஒரு புத்தகத்தைச் சுற்றி ஒரு வீடே இருக்கும், போடலாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

ஆனால் இருந்த தாள் பாதிக் கதைக்குத்தான் காணும். வள்ளம் கடலுக்குப் போவது முதல் பாகம், கரைக்குத் திரும்புவது இரண்டாம் பாகம் என்று அக்கா பிரித்தார். அடுத்த கட்டு வந்ததும் மற்றதைப் போடுவோம் என்று வாக்கும் கொடுத்தார். ஆட்களை நடுக்கடலில் விடுவதா என்று சேவியர் அண்ணை கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு அவரே அட்டைக்கு ஒரு வள்ளப் படம் கீறிக்கொண்டு வந்தார்.

முதல் பாகம் வந்தது. கொப்பித் தாளின் நீலக் கோடுகளுக்கு மேலே கடல் கதை... பொருத்தமாய்த்தான் இருந்தது. கொக்குவில், கோண்டாவில் என்று ஒழுங்கை ஒழுங்கையாகச் சனம் சோகி உருட்டியது. அதற்குப் பிறகுதான் தொல்லை. எப்படித் திரும்பி வருவது, அடுத்த பாகம் எப்போது என்று பிள்ளைகள் பிரஸ் வாசலில் வந்து நின்று கேட்கும்.

தாள் வரவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்தே போய்விட்டது. நான் வெறும் மேசையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

ஒருவழியாக ஒரு கட்டு வந்தது. ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காணும்.

அப்போது ஏ.எல். சோதினை, கம்பஸுக்குப் போக எழுதுகிற பரீட்சை, கிட்டடியில். கடைகளில் மாதிரி வினாத்தாள் புத்தகம் ஒன்றுகூட இல்லை. ஒரு வாத்தியார் எழுதித் தந்த வினாத்தாளையும் இரண்டாம் பாகத்தின் கையெழுத்துப் பிரதியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, அக்கா சேவியர் அண்ணையைக் கூப்பிட்டு இருத்தினார்.

"முதல் பாகம் வைச்சிருக்கிற ஆக்கள்தான் ரெண்டாவதை வாங்குவினம், சேவியர். சோதினைப் புத்தகம் எல்லா வீட்டுக்கும் போகும். ஆனா உமக்கு நான் வாக்குக் குடுத்திட்டன். நீரே சொல்லும்."

மனுசன் சண்டை பிடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பிடிக்கவில்லை. அவருடைய மூத்த மகளும் அந்த வருசம்தான் சோதினை எடுக்கிறாள். புதுத் தாளைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையள் சோதினை எழுதட்டும், அக்கா. என்ரை ஆக்கள் கடலிலைதானே நிக்கினம். கொஞ்சம் பொறுப்பினம்."

அன்றைக்கே வினாத்தாள் மெஷினில் ஏறியது. அடுத்த கட்டு வரவேயில்லை. கிடைத்த துண்டு துணுக்கெல்லாம் மரண அறிவித்தலுக்குப் போனது. தொண்ணூற்றைந்தில் ஆமி கிட்ட வர, ஊரோடு நாங்களும் வெளிக்கிட்டோம். அரிசியையும் பிள்ளைகளையும் தூக்கவே கை காணாது, கதையைத் தூக்க யாருக்கு நினைவு? பிரஸ்ஸோடு அதுவும் போய்விட்டது.

இப்போது கனடாவில், ஸ்காபரோவில் என் மகனின் அறையில் ஒரு ராக்கை நிறைய இப்படி விளையாட்டுப் புத்தகங்கள். தடித்த அட்டை, வழுவழுப்பான தாள். இது மெயின் புக், மற்றதெல்லாம் சப்ளிமென்ட் என்று விளக்குகிறான். அடுத்து எதைப் போடலாம் என்று கம்பனி இவனிடமே ஒன்லைனில் கேட்கிறதாம், இவனும் வோட்டுப் போடுகிறான். முதல் புத்தகம் வைத்திருக்கிற ஆட்களை நம்பித்தான் மிச்சம் எல்லாம் வருகிறதாம். மலரக்காவின் கணக்கு இங்கே தலைகீழ். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

எங்கள் விளையாட்டைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். அந்த வள்ளம் பிறகு எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டான். எனக்குத் தெரியாது. அச்சுக் கோத்தால்தானே புரூஃப் என் கைக்கு வரும்?

போன கிழமை ஜெர்மனிக்குப் போன் எடுத்தேன். சேவியர் அண்ணை மகளோடு இருக்கிறார், அந்தச் சோதினை பாஸ் பண்ணின அதே மகள். முழங்கால் நோ, குளிர், மருந்து என்று வழமைபோலக் கன நேரம் கதைத்தார். நடுவில் நான் அந்த வள்ளத்தைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"எப்பிடிக் கரைக்கு வாறதெண்டு நானே மறந்துபோனன், தங்கச்சி."

பிறகு முழங்கால் கதைக்கே திரும்பிவிட்டார். நானும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.