ரொட்டி வேனில் ஐந்தடிக் கட்டில்

என் கணவர் அந்தப் பழைய ரொட்டி வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றே எனக்கு மனசு சரியில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. ஈப்போவில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அவர் ஓர் இரும்புக் கடைக்கு லாரி ஓட்டினார். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுத்தேன். பதினொரு வருடத்தில் என்னைக் கேட்காமல் ஒரு சட்டைகூட வாங்காத மனிதர், கேட்காமல் ஒரு வேனை வாங்கினால் அதற்கு என்ன அர்த்தம்?

“படுக்கிற மாதிரி செய்யப் போறேன்,” என்றார். “வெளியூரு போனா உள்ளயே சமைச்சு உள்ளயே படுத்துக்கலாம்லா.”

வெளியூராம்! கல்யாணம், சாவு, தைப்பூசம், இந்த மூன்றையும் தவிர எங்கள் ஆட்கள் எதற்கு வெளியூர் போயிருக்கிறார்கள்? போன இடத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தால் இருபது பேர் படுக்கலாம். வேனில் படுக்கிறவன் சொந்தபந்தம் இல்லாதவன், இல்லையென்றால் சொந்தபந்தத்துக்குத் தெரியாமல் ஏதோ செய்கிறவன். இதை அவரிடம் சொன்னேன். அவர் காது கேட்காதவர் போலப் பின்கதவைத் திறந்து, ரொட்டித் தட்டு வைக்கும் கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஆறு மாதம் அந்த வேன் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கைவேலை அவருக்கு நன்றாக வரும், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தகரத் தரைமேல் பலகை அடித்து, அதன்மேல் ரப்பர் விரிப்பை ஒட்டினார். பக்கத் தகரத்தை வெட்டி இரண்டு சன்னல் வைத்தார். ஒரு பக்கம் கட்டில். அதற்கு அடியில் மூடி போட்ட பெட்டி. எதிரே கீலில் மடங்கும் ஒரு சின்ன மேசை, மண்ணெண்ணெய் அடுப்பு ஆடாமல் நிற்க அதில் ஒரு சட்டம். பலகையெல்லாம் அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்திலிருந்து வந்தது. தெலுக் இந்தான் பக்கம் அது. ரப்பர் பால் வடிக்கும் கித்தா மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்ச் செம்பனை நட்டபோது, ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைவீட்டை இடித்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பலகைகளில் புகை வாடை கடைசி வரை போகவில்லை.

ஞாயிறு தவறாமல் காலையில் வேனை எடுத்துக்கொண்டு போவார். பொழுது சாயும்போது இரண்டு பலகையோடு திரும்புவார். இரண்டு பலகைக்கு ஒரு முழு நாளா? அந்தத் தோட்டத்தில் அவருக்கு இனி யார் இருக்கிறார்கள்? அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே தங்கச்சி, எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோனாள். எதிர்வீட்டு அக்கா வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். “வேன்ல படுக்க போடுறவன் வீட்டுல படுக்க மாட்டான்லா, பாத்துக்க,” என்றாள். 

அவரே என்னிடம் வந்து வேலை கொடுத்தார். சன்னலுக்குத் திரை, கட்டிலுக்கு மெத்தை உறை. திரைத் துணி கெட்டியாக, கறுப்பாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து உள்ளே ஒன்றும் தெரியக் கூடாது என்றார். ஏன் தெரியக் கூடாது? அளவெடுக்க நாடாவோடு உள்ளே ஏறினேன். கட்டில் ஐந்தடி நீளம், இரண்டடி அகலம். அவர் ஆறடி. நான் ஐந்தரை அடி, பள்ளிக்கூடத்தில் எனக்குப் பனைமரம் என்றே பேர். இரண்டாவது தடவையும் அளந்தேன். ஐந்தடிதான். இறங்கும்போது பின்கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

“யாருக்கு இந்தக் கட்டிலு?”

“கால மடக்கிப் படுத்துக்கலாம்.”

“ஆறடி ஆளு அஞ்சடில மடக்கிப் படுப்பீங்க, நான் வெளிய சடக்குல நின்னு வேடிக்க பாக்கணுமா? உங்களத் தஞ்சோங் ரம்புத்தான்லதான் சேக்கணும்!”

எங்கள் பேரா மாநிலத்தில் யாரும் யாரையும் இப்படித் திட்டலாம். பெரிய மனநல ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால் கணக்கு வராத பிள்ளையைக் கூட அந்த ஊரைச் சொல்லித்தான் வைவார்கள். ஆனால் அவர் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றது. முகம் செத்துப்போனது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வஞ்சம் வைத்துத் திரையைத் தைத்தேன், ஆனால் தையலில் குறை வைக்கவில்லை. என் தொழில் வேறு, என் கோபம் வேறு.

வேலை முடிந்த சனிக்கிழமை, அவர் குளிக்கப் போன நேரம், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தேன். ஒரு கிலோ அரிசி, சார்டின் டின், சீப்பு, முகப்பவுடர், ஒரு பொட்டலம். பொட்டலத்துக்குள் ஒரு பெண்ணின் உடுப்பு இருந்தது. அதை விரித்தேன். அது நான் தைத்தது.

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண் எங்களுக்கு வீட்டுத் தெய்வம். தீபாவளிக்கு முன்னால் அவளுக்குப் புதுத்துணி வைத்துப் படைத்த பிறகுதான் மற்றவர்கள் புதுசு உடுத்துவோம். அவர் தங்கச்சி நாலரை அடிதான் இருப்பாள் என்று அவர் சொன்ன அளவுக்கு, வருடத்துக்கு ஒன்றாகப் பதினொரு கவுன் தைத்துப் படைத்திருக்கிறேன். படையல் முடிந்ததும், “தோட்டத்துல இல்லாதபட்ட பிள்ள யாருக்காச்சும் குடுத்துர்றேன்,” என்று எடுத்துக்கொண்டு போவார். இது மூன்று வருடத்துக்கு முன் படைத்த மஞ்சள் கவுன். கழுத்து வெளுத்திருந்தது. அக்குளில் தையல் விட்டு, யாரோ வேறு நூலால் தைத்திருந்தார்கள். பிள்ளை உடுத்தியிருந்தால் மூன்று வருடத்தில் வளர்ந்திருக்கும். இதை உடுத்தியவள் வளரவில்லை. அவள் பெரியவள்.

சாமிக்கு வைத்ததை எடுத்து வைப்பாட்டிக்குக் கொடுத்திருக்கிறார்! எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஞாயிறு காலை பிள்ளைகள் இரண்டையும் எதிர்வீட்டில் விட்டுவிட்டு, அவர் வருவதற்கு முன்பே வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். மஞ்சள் கவுன் என் மடியில் இருந்தது.

“நானும் வாரேன். யாருன்னு பாத்துட்டே வாரேன்.”

அவர் கவுனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார். தெற்கே தெலுக் இந்தான் பக்கம் திரும்புவார் என்று உட்கார்ந்திருந்தேன். வண்டி வடக்கே போனது. என்னை ஏமாற்றச் சுற்று வழியில் போகிறார் என்று அப்போதும் நினைத்தேன். தஞ்சோங் ரம்புத்தானில் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே ஒரு மர நிழலில் நிறுத்தினார்.

“தங்கச்சி இங்க இருக்கா,” என்றார்.

“எந்தத் தங்கச்சி?”

“எனக்கு ஒரு தங்கச்சிதானே.”

கேட்டைப் பார்த்தபடியே சொன்னார். எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருடத்துக்கு முன்பே அவளை இங்கே சேர்த்துவிட்டார்களாம். பெண் கேட்டு வந்தபோது என் அப்பா கேட்ட முதல் கேள்வி, குடும்பத்தில் இந்தப் பக்கம் வந்தவர்கள் யாராவது உண்டா என்பதுதான். என் அப்பா மட்டுமா, தோட்டத்தில் எல்லா அப்பாக்களும் கேட்கிற கேள்வி. இருந்தால் பெண் கிடைக்காது. சிலர், இந்தியாவுக்கு அனுப்பிவிட்டோம் என்பார்கள். இவர் வீட்டில் செத்துவிட்டாள் என்றார்கள். ஞாயிறுகளில் முதலில் இங்கே வந்து அவளைப் பார்த்துவிட்டு, பிறகுதான் பலகைக்குப் போயிருக்கிறார். அவளுக்குக் கடல் பார்க்க ஆசை. பஸ்ஸில் கூட்டத்தைக் கண்டால் நடுங்கிப்போவாள். பகலில் மருந்துத் தூக்கம் வரும், படுக்க வேண்டும். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிடக் கூடாது. டாக்டர் ஒரு நாள் அனுமதி கொடுத்திருக்கிறார். அவள் மாற்றிக்கொள்ளத்தான் அந்த மஞ்சள் கவுனாம்.

ஏன் எங்கிட்ட சொல்லல என்று கேட்க வாயெடுத்தேன். திருப்புளியோடு அவர் நின்ற நிற்பு கண்முன் வந்தது.  பதினொரு வருடம் உயிரோடு இருக்கிறவளுக்குச் சூடம் காட்டியிருக்கிறேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தது. போன தீபாவளிக்கு நான் படைத்த நீலக் கவுனைப் போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“யாருண்ணே இவங்க?”

“உனக்கு வருஷா வருஷம் உடுப்பு தச்சுக் குடுக்கிறவங்க,” என்றார் என் கணவர்.

தாலி கட்டிய மனுஷன் என் முன்னாலேயே என்னைத் தையல்காரி ஆக்கிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளைச் செத்தவளாக்கி நடந்த கல்யாணத்தை அவளிடமே எப்படிச் சொல்வார்? அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கைப்பக்கம் இறுக்கிப் பிடிக்குதுக்கா,” என்றாள். அடுத்த தடவை சரி செய்கிறேன் என்றேன்.

லூமுட் கடற்கரைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆனது. கடலை அவள் வேனின் பின்கதவுக்குள் உட்கார்ந்தபடியே பார்த்தாள், இறங்கவில்லை. பிறகு கட்டிலில் படுத்தாள். அவள் உயரத்துக்கு அது கச்சிதமாக இருந்தது. அவர் குடிக்க ஏதாவது வாங்கிவரப் போனார். நான் திரையை இழுத்துவிட்டேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, எங்க அண்ணனுக்கு ஒரு பொண்ணு பாருங்கக்கா. வயசு போயிட்டே இருக்கு. என்னாலதான் யாரும் பொண்ணு குடுக்கல.”

பாக்குறேன் என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். எனக்கு நாக்கு வரவில்லை. எத்தனை பொய்யைத்தான் அந்தச் சின்ன உடம்பின்மேல் ஏற்றுவது?

“பாத்தாச்சும்மா,” என்றேன். “நான்தான் உன் அண்ணி. ரெண்டு பிள்ள இருக்கு.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவர் பிளாஸ்டிக் பைகளில் கட்டிய மூன்று சிராப் சர்பத்தோடு கதவருகே வந்து நின்றார்.

“ஏண்ணே எங்கிட்ட சொல்லல?”

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பதில் என்னிடம்தான் இருந்தது. சொன்னேன். “நீ இங்க இருக்கிறது தெரிஞ்சா எங்க வீட்டுல என்னயக் குடுத்திருக்க மாட்டாங்க. அதனால நீ இல்லன்னு சொல்லிட்டாங்க. நானும் நம்பிட்டேன்.”

“இல்லன்னா, செத்துட்டேன்னா?”

“ஆமா.”

அவள் அழவில்லை. அண்ணன் கையிலிருந்து இரண்டு பைகளை வாங்கி, ஒன்றை என்னிடம் நீட்டினாள். நான் அதை வாங்கியதும், என்ன தோன்றியதோ, திரும்பப் பிடுங்கிக்கொண்டு தன் பையை என் கையில் வைத்தாள்.

“நீங்க மொதல்ல குடிங்க,” என்றாள்.

குடித்தேன். கடைசிச் சொட்டு வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் வெகுநேரம் காத்திருந்துவிட்டுத்தான் தன்னுடைய உறிஞ்சுகுழலை வாயில் வைத்தாள்.