யுனிவர்சிட்டிக்காரங்களுக்குப் போட்ட நாற்காலிகள்

நான் வேலை பார்க்கும் ஆய்வு மையத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. கடலோரம், மணல், சுகாதாரம், வாழ்வாதாரம் என்று எல்லாவற்றையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். பல துறைகள் கூடி ஒரே கேள்வியை ஆராய வேண்டும் என்று பல்கலைக்கழகம் தொடங்கியது. சமூகவியலில் இருந்து என்னை அனுப்பினார்கள். இயற்பியலில் இருந்து ஒருவர், பொருளாதாரத்தில் இருந்து ஒருவர், விலங்கியலில் இருந்து ஒருவர். திறப்பு விழாவன்று கேசரி நன்றாக இருந்தது. அதன் பிறகு நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியது எப்போது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

மையம் கடலோரத்தில் தனிக் கட்டடத்தில் இருந்தது. மற்றவர்கள் வகுப்பு இருக்கிறது, வீடு தூரம் என்று முதன்மை வளாகத்திலேயே தங்கிவிட்டார்கள். இயற்பியல்காரர் மட்டும் அவ்வப்போது வந்து மணல் மாதிரிகளைக் கருவியில் வைத்து அளந்துவிட்டுப் போவார். என் வீடு பக்கத்திலேயே அஞ்சுகிராமத்தில் என்பதால் நான் தினமும் வந்தேன். பூட்டைத் திறப்பேன், காற்றாடியைப் போடுவேன், மீனவக் குடும்பங்களிடம் பதிவு செய்த பேட்டிகளைக் கேட்டு எழுதுவேன். மதியம் தனியாகச் சாப்பிடுவேன். எப்போதாவது முதன்மை வளாகத்துக்குப் போனால், என் பழைய துறையின் சாப்பாட்டு மேஜையில் என் இடத்தில் வேறு யாரோ இருப்பார்கள். "என்ன மேடம், கெஸ்ட்டா வந்திருக்கீங்க!" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சிரித்துவைப்பேன்.

அப்பா உரக்கடை வைத்திருந்தார். மகள் யுனிவர்சிட்டியில் இருக்கிறாள் என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. ஆனால் நான் அங்கே என்ன செய்கிறேன் என்பது மட்டும் பிடிபடவில்லை. சர்ச்சில் யாராவது, மகள் என்ன பாடம் எடுக்கிறாள் என்று கேட்டால், "அவளுக்கு எல்லாப் பாடமும் உண்டு" என்று சொல்லிவிடுவார். நான் திருத்தவில்லை. எனக்கே அதைவிட நன்றாக விளக்கத் தெரியாது.

அந்த அப்பா ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் துக்கம் என்றாலும் அந்தத் துறையிலிருந்து வேன் புறப்படும். துறைத்தலைவர் மலர்வளையம் வைப்பார். மற்றவர்கள் பின்னால் கைகட்டி நிற்பார்கள். நானும் எத்தனையோ முறை அந்த வேனில் போயிருக்கிறேன். போகும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவோம். திரும்பும்போது பரோட்டாக் கடையில் நிறுத்திச் சிரித்துப் பேசிச் சாப்பிடுவோம். அதெல்லாம் கேலிக்குரிய சடங்கு என்று நினைத்திருந்தேன். என் வீட்டில் பந்தல் போட்ட பிறகுதான் அந்த வேன் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது.

அம்மாவும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். அழுகைக்கு நடுவிலும் பந்தல்காரரைக் கூப்பிட்டு முன்வரிசையில் நாற்காலிகள் போடச் சொன்னாள். ஒரு பெரியவர் உட்காரப் போனபோது, "அது யுனிவர்சிட்டிக்காரங்களுக்கு" என்று சொல்லிவிட்டாள். அவர் மரியாதையாகப் பின்னால் போய் வெயிலில் நின்றார். அதன்பிறகு யாரும் அந்த வரிசைப் பக்கம் போகவில்லை.

என் கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. துறையின் வாட்ஸப் குழுவில் ஆழ்ந்த இரங்கல்கள், கூப்பிய கைகள். மையத்தின் குழுவிலும் கூப்பிய கைகள். ஒவ்வொரு அதிர்வுக்கும், புறப்பட்டுவிட்டோம் என்று செய்தி வந்திருக்குமோ என்று பார்த்தேன்.

"அவங்களுக்க வேன் எங்க வருதுன்னு கேட்டியாட்டி?" என்றாள் அம்மா.

"வருவாங்கம்மா."

சாயங்காலம் போதகர் ஜெபம் முடித்தார். பெட்டியை அடைக்கும் முன் எங்கள் ஊரில் ஒரு கேள்வி கேட்பார்கள். மாமா என்னிடம் வந்து கேட்டார். "இனி ஆராவது வரணுமா மக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா ரோட்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பொறுக்கலாம் என்றேன். பொறுத்தார்கள். ஒரு மினி பஸ் வந்து, நிற்காமல் போனது. மாமா மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல மாமா. ஆரும் வரணும்னு இல்ல" என்றேன். பெட்டியை அடைத்தார்கள்.

விடுப்பு முடிந்து போனபோது துறையில் எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். "சென்டர்ல இருந்து எல்லாரும் வந்திருப்பாங்கன்னு நெனச்சோம் மேடம்" என்றார்கள். மையத்துப் பொருளாதாரக்காரர், "உங்க டிபார்ட்மென்ட் வேன் கண்டிப்பா போகும்னு நெனச்சேன்" என்றார். இயற்பியல்காரர் மட்டும் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "அவ்வளவு பேருக்கு நடுவுல நான் ஒருத்தன் தனியா வந்து என்ன செய்யன்னு இருந்துட்டேன்." யாரும் பொய் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இயற்பியல்காரரோடு வெகுநாள் நான் பேசவில்லை. ஒரே கட்டடத்தில் அவர் கருவி ஒரு அறையிலும் என் பேட்டிகள் இன்னொரு அறையிலும் ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்த மழைக்காலத்தில் அவருடைய அம்மா இறந்தார். குழுவில் அவரே போட்டிருந்தார். கூப்பிய கைகள் வரிசையாக விழுந்தன. நான் கைகூப்பவில்லை. எழுந்து மையத்தைப் பூட்டினேன். பூக்கடையில் மலர்வளையத்தின் ரிப்பனில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார்கள். மையத்தின் பெயர் அதில் அடங்காது. ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன்.

அவருடைய ஊரான மணவாளக்குறிச்சியில் பஸ் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தேன். மாதா கோயில் மணி விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. வீட்டு முற்றத்தில் பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். அவர் தலைமாட்டில் நின்றார். பல்கலைக்கழக முகம் ஒன்றுகூட இல்லை. அவருடைய அண்ணன் கேட்பது வாசல்வரை கேட்டது.

"இனி ஆராவது வரணுமாலே? ஒனக்க யுனிவர்சிட்டியில இருந்து?"

அவர் நிமிர்ந்தார். மலர்வளையத்தோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"இல்லண்ணே. எல்லாரும் வந்தாச்சு."

நான் வளையத்தை வைத்துவிட்டு நகர்ந்தேன். முன்வரிசையில் ஆளில்லாத நாற்காலிகள் இருந்தன. அண்ணன் ஒன்றை எனக்காகத் துடைத்துவிட்டார். அந்த அம்மாவை உயிரோடு நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவுக்காக அன்று அழாததை எல்லாம் அழுதேன். பக்கத்து நாற்காலிகள் கடைசிவரை காலியாகவே இருந்தன.