கயித்துக் கூடை

கடல் நடுவுல எண்ணெய் தோண்டுற ரிக்கு மேடைகளுக்கு அரிசி, டீசல், இரும்புக் குழாயெல்லாம் கொண்டுபோய்க் குடுக்கிற கப்பல்ல எனக்கு வேலை. தொண்ணூறுகளோட கடைசி, காக்கிநாடாவுக்கு அப்பால நடுக்கடல். எங்களுது படாளத்துல பயிர் வெச்ச குடும்பம். கடலைப் பார்த்தாலே எனக்குப் பயம். வெளிய சொன்னதில்ல. ஊர்ல கப்பல்காரன்னு பேர் எடுத்தாச்சே, என்ன பண்றது!

ஒரு ஐப்பசியில ரேடியோவுல சேதி வந்துச்சு. நிறைமாசமா இருந்த என் பெண்சாதிக்கு பிரஷர் ஏறிடுச்சாம்; செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம்; உடனே வரணுமாம். எங்க கப்பல் கரைக்குத் திரும்ப இன்னும் ஒரு வாரம் ஆகும். பக்கத்துல இருந்த ரிக்குல ஏறிட்டா, மத்தியானம் அங்கேருந்து ஹெலிகாப்டர்ல கரைக்குப் போயிடலாம். ஆனா அங்க படிக்கட்டா இருக்கு? கிரேன் ஒரு கயித்துக் கூடையை இறக்கும், அதுல தொத்திக்கினு போகணும்.

கூடை வந்து உட்கார்ந்ததும் பையோட உள்ள புகுந்துட்டேன்.

"யோவ், வெளிய வாய்யா!" கப்பல் ஆளுங்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்த சரங்கு கத்தினார். கடப்பாக்கத்துக்காரர். "உள்ள பைதான். ஆளு வெளிய நின்னு கயித்தப் புடிச்சிக்கினு போணும்."

"வெளியவா? வுழுந்துட்டா?"

"கூடையே வுழுந்தா இன்னா பண்ணுவே? வெளிய நின்னா கைய வுட்டுட்டு நீந்தலாம். உள்ள மாட்டிக்கினா சமாதிதான்."

நல்லா சொன்னாரு ஆறுதல்!

கூடைக்கு வெளிய, அதோட அடி விளிம்புல ஏறி நின்னேன். அலை கப்பலைத் தூக்குற நேரம் பார்த்து கிரேன் இழுத்துச்சு. அடுத்த நொடி காலுக்குக் கீழ கப்பலைக் காணோம், தண்ணிதான். கூடை சுத்துச்சு. ஐயோ அம்மான்னு அலறினேன். ரிக்கு மேல இறக்கினதும் ரெண்டு பேரு கயித்துலேருந்து என் விரலைப் பிரிச்சு எடுத்தாங்க.

அங்க இருந்த ரேடியோக்காரர், புயல் சின்னம், ஹெலிகாப்டர் வராதுன்னாரு. கப்பலையெல்லாம் கரைக்குப் போகச் சொல்லிட்டாங்களாம். "உன் கப்பலும் கிளம்புது. போறதுன்னா இப்பவே இறங்கு, காத்து ஏறினா கிரேனை நிறுத்திடுவோம்."

அடப்பாவிங்களா! மறுபடியும் அந்தக் கூடையா? முடியாதுன்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்ச நேரத்துல என் பெண்சாதி முகம் கண்ணுல வந்துச்சு. எழுந்துபோய் கயித்தைப் புடிச்சேன். ஏறும்போது நான் செத்துடுவேன்னு பயந்தேன். இறங்கும்போது, நான் போறதுக்குள்ள அவ போயிடுவாளோன்னு பயம். அதுதான் தாங்க முடியல.

கரைக்கு வந்து, ரயிலேறி, பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டில்ல படுத்திருந்தா, பக்கத்துல துணியில சுத்தின பொண் குழந்தை. என்னை மேலயும் கீழயும் பார்த்தா.

"தொரைக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

வார்டு மொத்தமும் திரும்பிப் பார்க்க, ஓன்னு அழுதேன்.