காய்ச்சினால் சாகிற கிருமி

அறுபதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் பிரிவில் உதவியாளராக இருந்தேன். இருபத்திரண்டு வயது. வெள்ளைக் கோட்டு போட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் டாக்டர் வயிற்றுப்போக்கு பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் பால் வாங்கிவர என்னை அனுப்பினார். தமிழ் பேசுவேன் அல்லவா! முதலில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அக்காவிடம் போனேன். கணவரை இழந்து, மூன்று மாடுகளை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். "ஆராய்ச்சிக்கா? நல்லதுக்குத்தானே, எடுத்துட்டுப் போம்மா" என்று கறந்த சூட்டோடு ஊற்றிக் கொடுத்தார்.

பாலில் கிருமி இருந்தது. பச்சைப்பாலில் இல்லாமல் வேறெங்கே இருக்கும்? அந்த வட்டாரத்தில் நோய் பரவுவதே இந்தப் பாலால்தான் என்று டாக்டர் சுகாதார இலாகாவுக்கும் ஓர் அறிக்கை எழுதிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தத் தமிழ் வீட்டில் பாலைக் காய்ச்சாமல் குடிக்கிறார்கள்? இதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அது என்ன ஆராய்ச்சி!

அக்காவின் பாலை வீட்டில் காய்ச்சுகிற மாதிரியே பொங்கவிட்டு, நானே சோதித்தேன். அந்தக் கிருமி ஒன்றுகூட வளரவில்லை. கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் நீட்டினேன். அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உன்னை யார் ஆராய்ச்சி பண்ணச் சொன்னது, போய் பாட்டிலைக் கழுவு என்று ஆங்கிலத்தில் எரிந்து விழுந்தார். "விடு லா, அவர்கிட்ட மோதி வேலையைத் தொலைச்சுக்காதே" என்றாள் கூட வேலை பார்த்தவள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அறிக்கையைக் காட்டியே அக்காவைப் பால் விற்கக் கூடாதென்று இலாகாக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மாடுகளை விற்று லாரியில் ஏற்றிய அன்று நான் போய் நின்றேன்.

"நீயும் என் பாலைத்தானே குடிச்சே? காய்ச்சித்தான் குடிக்கிறோம்னு அங்க சொல்லலியாம்மா?"

"சொன்னேன்க்கா. அவர் கேக்கல."

"எத்தனை தடவை சொன்னே?"

ஒரே தடவை. லாரியில் நின்ற மாடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கட்டுரை அச்சாகி வந்தது. உதவியவர்களுக்கு நன்றி என்று கடைசியில் போட்டிருந்தார்கள். அதில் என் பெயரும் இருந்தது. டாக்டர் மேல் இருந்த ஆத்திரம் இத்தனை வருடத்தில் கொஞ்சமும் ஆறவில்லை, ஆனால் அதைவிட அதிகமாக என்னை அரிப்பது அந்த நன்றிதான்.