சென்னிமலையின் வற்றாத தொட்டி

பக்கத்து வீட்டுச் சென்னிமலைக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. காலை பஸ்ஸில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். எப்பேர்ப்பட்ட தகரமும் அவர் கைக்கு வளையும். அவரைத்தான் ஒருத்தராலும் வளைக்க முடியாது.

எழுபத்து நாலில் பாகம் பிரித்தபோது கிணறு அண்ணன் கந்தப்பன் பங்குக்குப் போய்விட்டது. "தண்ணி எப்பவும் போல எடுத்துக்கடா" என்று அண்ணன் சொல்லத்தான் சொன்னார். இவருக்கு அதுவே பொறுக்கவில்லை. "அந்தக் கெணத்துத் தண்ணி ஒரு சொட்டு என்னூட்டுக்குள்ள வரப்படாது. வந்துதுன்னா அன்னைக்கே நான் ஊட்ட உட்டுப் போயிருவேன்" என்று பத்துப் பேர் முன்னால் சத்தியம் செய்துவிட்டார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சும் நின்றது.

சத்தியம் செய்தால் தாகம் அடங்கிவிடுமா? சென்னிமலை மழையை நம்பினார். பட்டறையில் மிஞ்சிய தகரத்தை வளைத்து, ஓட்டு விளிம்பைச் சுற்றிலும் வாய்க்கால் போலக் கட்டினார். வாசலில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் எடுத்து, செங்கல்லும் சிமெண்டும் வைத்துத் தொட்டி கட்டினார். முதல் மழை ஓட்டு அழுக்கைக் கழுவிக்கொண்டு தெருவுக்குப் போகும். அடுத்த மழையிலிருந்து தொட்டிக்கு. வேலையில் குறை சொல்ல முடியாது.

வினை அதற்குப் பிறகுதான். லாரி டீசல் டேங்கில் விட்டுப் பார்க்கிற அளவுக்குச்சி ஒன்றைக் கொண்டுவந்து, தினமும் சாயங்காலம் தொட்டிக்குள் விட்டுப் பார்ப்பார். விரற்கடை குறைந்தாலும் மனைவி வசந்தாமணிக்கு அர்ச்சனை. "இங்க குளிக்கறது மனுசங்களா, எருமைங்களா?" அந்த அம்மாள் பாட்டுக்கு அடுப்படிக்குப் போய்விடும். மூன்றே மாதத்தில் தண்ணீர் குறைவது நின்றுபோனது. சித்திரை வெயிலிலும் முக்கால் தொட்டி! சென்னிமலை எங்களைக் கூட்டிப்போய் மூடியைத் திறந்து காட்டுவார்.

"சிக்கனமா இருந்தா மழத்தண்ணியே வருசம் முச்சூடும் வருமுங்க."

"ஆமாங்க, ஆமாங்க" என்போம், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு.

எண்பத்து மூன்று கோடையில் தொட்டி திடீரென்று இறங்க ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் ஒரு முழம். சென்னிமலைக்குச் சோறு இறங்கவில்லை. விரிசல்தான் என்று முடிவுகட்டி, ராசப்பன் கொத்தனாரைக் கூட்டி வந்தார். இருவரும் காலைக் கழுவிவிட்டு உள்ளே இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சுவரைத் தடவோ தடவென்று தடவினார்கள். நானும் மேலே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விரிசல் ஒண்ணுமே இல்லீங்களே" என்றார் ராசப்பன்.

"அப்பறம் தண்ணி எங்கய்யா போவுது?"

என் பக்கத்தில் நின்றிருந்த வசந்தாமணி குனிந்து சொன்னார்: "குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் போவுதுங்க. இத்தன வருசமா உங்கண்ணன் கெணத்துலதான் எடுத்துட்டிருந்தேன். அது வத்தி எட்டு நாளாச்சு."

ஊருக்கே தெரிந்த சங்கதிதான். குடும்பம் பிரிந்துவிடுமே என்று யாரும் மூச்சு விட்டதில்லை. இப்போது நிஜமாகவே துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாரோ என்று பயந்தேன். ராசப்பன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சென்னிமலை தண்ணீருக்குள் நின்றபடியே மனைவியை அண்ணாந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"அண்ணனூட்டுல இப்பத் தண்ணிக்கு என்ன பண்றாங்க?"

"நாந்தான் தெனமும் ரெண்டு கொடம் கொண்டுபோயி ஊத்தறேனுங்க."

"ரெண்டு கொடம் எப்படிப் பத்தும்? அந்த அண்டாவக் கொண்டா" என்று கையை மேலே நீட்டினார்.