சாவிப் பெட்டிக்காக நான் எழுதிய குறிப்பு

நான் வேலை பார்த்த ஆய்வகத்தின் எல்லாச் சாவிகளும் ஒரே மரப்பலகையில், எண் எழுதிய ஆணிகளில் தொங்கின. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளடங்கிய சவுக்குத் தோப்பில் இருந்த தனியார் ஆய்வகம் அது. கிணற்று நீரும் வயல் மண்ணும் குப்பிகளில் வந்து சேரும். அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று நாங்கள் சொல்லி அனுப்புவோம். இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய காலம். சுற்றுச்சூழல் படித்து முடித்த கையோடு, நிர்வாகப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன்.

செங்கல்பட்டில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு வீட்டின் மாடியறையில் தனியாகத் தங்கியிருந்தேன். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், மாதத்துக்கு ஒருமுறை பேசுவார்கள். அறைக்குச் சீக்கிரம் போய்ச் செய்ய ஒன்றும் இல்லாததால், அலுவலகத்திலிருந்து கடைசியாகக் கிளம்புகிறவள் பெரும்பாலும் நானாகவே இருந்தேன். அறையைப் பூட்டி, பூட்டின் மேல் தேதியும் கையொப்பமும் இட்ட தாளை ஒட்டி, சாவியைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

அங்கே, பலகைக்கு முன்னால் ஒரு நாற்காலியில், சாவிப் பொறுப்பாளர் உட்கார்ந்திருப்பார். காவல் ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள். கடப்பாக்கத்து மீனவர், என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். படகைக் கரையேற்றும்போது வலது முழங்கால் நசுங்கியதிலிருந்து கடலுக்குப் போவதில்லை. அரை மணி நேரம் நின்றால் கால் வீங்கிவிடும். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்பதால்தான் அவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மேடம், இன்னிக்கும் நீங்கதான் லாஸ்ட்டா? வூட்டுக்குப் போவ மனசே வராதா உங்களுக்கு?”

“வேலை இருந்துச்சுண்ணா.”

“வேல எல்லாருக்கும்தான் கீது. அவுங்கல்லாம் அஞ்சு மணிக்கே ஓடிப்பூட்டாங்கோ. நாஸ்தா எதுனா துன்னீங்களா?”

நாள் முழுவதும் என்னிடம் கோப்பைப் பற்றிப் பேசாத ஒரே வாய் அது. அந்த ஐந்து நிமிடத்துக்காகவே சில நாள்கள் நான் தாமதித்திருக்கிறேன் என்பதைப் பிற்பாடுதான் எனக்கே ஒப்புக்கொண்டேன்.

ஒருமுறை வேதிப்பொருள் அறையின் சாவி ஒன்றரை நாள் காணாமற்போயிற்று. யாரோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று எங்கள் ஏற்பாடுகளைச் சோதிக்க வந்தது. ஆணியில் தொங்கும் சாவியை நம்பி மாதிரிகளை அனுப்ப முடியாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். முறையான ஏற்பாடு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மேலாளர் என்னிடம் ஒப்படைத்தார்.

மூன்று நிறுவனங்கள் விலைப்புள்ளி அனுப்பின. முதலாவது, கதவுக்குக் கதவு அட்டையைத் தேய்த்துத் திறக்கும் பூட்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு பேட்டரிகள். இரண்டாவது, கணினியோடு இணைந்து இரவும் பகலும் மின்சாரம் குடிக்கும் சாவி அலமாரி. மூன்றாவது, சென்னைப் புறநகரில் ஒரு சிறு பட்டறை செய்த இரும்புப் பெட்டி. அதில் மின்சாரமே இல்லை. ஒவ்வொரு பணியாளருக்கும் தன் எண் பொறித்த பித்தளைக் குச்சி ஒன்று தரப்படும். அதைப் பெட்டியில் செருகித் திருப்பினால்தான் அறைச்சாவி விடுபடும். அறைச்சாவியைத் திரும்ப மாட்டினால்தான் குச்சி கைக்கு வரும். எவர் குச்சி பெட்டியில் நிற்கிறதோ அவரிடம் சாவி இருக்கிறது, அவ்வளவுதான்.

வழக்கமான ஒப்பீட்டுத் தாளில் விலை, உத்தரவாதம், வந்து சேரும் நாள் என்று மூன்று பத்திகள் உண்டு. நான் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன்: ‘பயன் முடிந்தபின்’. ஆய்வகத்தின் குப்பை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். சவுக்குத் தோப்பின் ஓரத்தில் ஒரு குழி. வாரம் ஒருமுறை தீ வைப்பார்கள். அவசர விளக்குகளின் பழைய பேட்டரிகள் அங்கே வெடித்து, கறுத்த கூழாகக் கசிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கடற்கரை மணல் எதையும் பிடித்து வைப்பதில்லை. குழிக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் ஒரு குடும்பத்தின் குடிநீர்க் கிணறு இருந்தது. அடுத்தவர் கிணற்று நீரைச் சோதித்துச் சான்று கொடுக்கும் நாங்கள், அதை ஒருநாளும் சோதித்ததில்லை.

அட்டைப்பூட்டு விற்பனையாளரிடம், தீர்ந்த பேட்டரிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று தொலைபேசியில் கேட்டேன்.

“நாங்க ஏன் மேடம் எடுக்கணும்? தூக்கிக் குப்பையில போடுங்க. பூட்டே ரிப்பேரானாலும் கவலை இல்ல, முழுசா மாத்திக்கலாம்.”

பட்டறைக்காரர் மட்டும் அஞ்சலட்டையில் பதில் எழுதினார். எல்லாத் திருகும் சுருள்வில்லும் கடையில் கிடைப்பவை, எந்தப் பூட்டுக்காரரும் பழுது பார்க்கலாம் என்று.

மேலாளர் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, பூட்டு வாங்கச் சொன்னா, அது செத்தா எங்க பொதைக்கிறதுன்னு எழுதிட்டு வந்திருக்கீங்க. இந்த இரும்புப் பெட்டிக்கு விலையும் கூடுது. உப்புக்காத்துல ஆறு மாசம் தாங்குமா? அதை நிரூபிச்சுக் காட்டுங்க, பாக்கலாம்.”

நிரூபிப்பதற்குச் சாவிப் பொறுப்பாளரிடம்தான் போனேன். அந்தக் காற்றில் எந்த உலோகம் எத்தனை நாள் நிற்கும் என்பது ஆய்வகத்தில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. துருப்பிடித்து நாங்கள் எறிந்த பூட்டுகளை அவர் பொறுக்கி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து உயிர்ப்பித்து மறுபடி மாட்டுவார். எத்தனையோ பூட்டுகள் அந்தக் குழிக்குப் போகாமல் நின்றது அவரால்தான். மூன்று நிறுவனங்களும் கொடுத்த மாதிரிகளைக் கிழக்குப் பார்த்த சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். தினமும் காலையில் அவர் கடல்நீரைப் போத்தலில் கொண்டுவந்து மூன்றின்மேலும் தெளிப்பார். மாலையில் நான் சாவி கொடுக்கப் போகும்போது நிலவரம் சொல்வார்.

“அட்டப் பூட்டு அவுட்டு மேடம். உள்ள பேட்டரி குந்துற எடம் பச்ச புடிச்சிகினு கீது. கம்ப்யூட்டர்காரன் குட்த்தது இன்னும் மூச்சு வுட்டுகினு கீது, நாளைக்கோ நாளன்னிக்கோ.”

“பெட்டியோடது?”

“அது கில்லி மாரி கீது. செஞ்சவன் கடலப் பாத்தவன்போல.”

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. அந்த ஊரில் நான் மகிழ்ச்சியாக இருந்த மாதம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். அந்த மாதம் முழுவதும் எனக்குத் தெரிந்திருந்த ஒன்றை அவரிடம் நான் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பட்டறைக்காரரின் ஆங்கிலக் கையேட்டில் நான்காவது வரியிலேயே அது இருந்தது: மற்ற ஏற்பாடுகளைப் போல அட்டையோ சாவியோ கொடுத்து வாங்க இந்தப் பெட்டிக்கு ஆள் தேவையில்லை.

சோதனையில் பெட்டி வென்றது. ஆயினும் மேலாளர் தயங்கினார். விலை வேறுபாட்டை மேலிடத்துக்கு எப்படி நியாயப்படுத்துவது என்றார். அன்று மாலை என் மேசையில் உட்கார்ந்து குறிப்பை மறுபடி எழுதினேன். கிணற்றுக்கு எதிரே ஒரு நாற்காலியை வைத்து எடைபோட்டேன். கிணற்றை நம்பி ஒரு குடும்பம். மணலில் இறங்கும் நஞ்சு தலைமுறைக்கும் நிற்கும். நாற்காலியில் ஒருவர், அவரை வாயிற்காவலுக்கு மாற்றினால் போயிற்று, அங்கேயும் ஒரு நாற்காலி போடச் சொல்லலாம். இப்படித்தான் கணக்கு ஒத்துவந்தது. குறிப்பின் கடைசியில் எழுதினேன்: “மேலும், சாவிப் பலகைக்கெனத் தனி ஆள் இனி வேண்டியதில்லை.”

வாயிலில் நாற்காலி வேண்டும் என்பதை எழுதவில்லை. எழுதினால் சேமிப்பு என்ற வாதம் நீர்த்துப்போகும் என்று நினைத்தேன். அதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளே ஒப்புதல் வந்தது. மேலாளர் அந்தக் கடைசி வரியின் கீழ் மட்டும் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

பெட்டி வந்த நாளில் சாவிப் பொறுப்பாளர்தான் பலகையைச் சுவரிலிருந்து கழற்றினார். பொருத்த வந்தவர் துளை போட்டுக்கொண்டிருக்க, அவர் பித்தளைக் குச்சி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“இத்த நான் வாங்கி, நான் செருகி, அவுங்களுக்குச் சாவி குடுக்கணும். அப்டித்தானே?”

“நீ இன்னாத்துக்கு அண்ணாத்த?” என்றார் பொருத்துபவர், திரும்பிப் பார்க்காமல். “அவுங்கவுங்க வந்து செருகி, அவுங்கவுங்களே எட்த்துகினு போவாங்கோ. ஆளு வேணாம்னுதானே இந்தப் பொட்டியே.”

துளைக்கருவி ஓய்ந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

“மேடம், உங்களுக்குத் தெரியுமா இது?”

“தெரியும்ணா.”

“மொதல்லேந்தா?”

“மொதல்லேர்ந்து. உங்கள கேட்டுக்கு மாத்தச் சொல்லலாம்னு…”

“கேட்டுல நிக்கணும் மேடம்.” குரலை உயர்த்தவில்லை. குச்சியை அட்டைப்பெட்டியில், அதன் எண்ணுக்குரிய பள்ளத்தில் சரியாக வைத்தார். “ஒரு மாசம் உப்புத்தண்ணி தெளிச்சேனே. ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா அப்பவும் தெளிச்சிருப்பேன். இன்னா, கொஞ்சம் வேற எடத்துலயும் வேல தேடிகினு இருந்திருப்பேன்.”

அன்றே மேலாளரிடம் ஓடினேன். வாயிலில் ஒரு நாற்காலி போடும்படி கேட்டேன். அவர் கெட்டவர் அல்லர். காவல் ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார். உட்கார்ந்திருக்கும் காவலரை வாடிக்கையாளர் அனுப்பும் எந்தச் சோதனைக்காரரும் ஏற்க மாட்டார் என்று பதில் வந்தது. “குறிப்புல எழுதியிருந்தீங்கன்னா அப்பவே ஒப்பந்தத்துல சேத்திருப்பேனேம்மா,” என்றார் மேலாளர்.

வாயிலில் அவர் ஒன்பது நாள் நின்றார். காலையில் நான் உள்ளே போகும்போது எல்லாரிடமும் போலவே என்னிடமும் அடையாள அட்டையைக் கேட்டார், எடுத்துக் காட்டினேன். பத்தாம் நாள் வேறொருவர் நின்றார்.

அதன்பின் மாலைகளில், பூட்டின் மேல் தாளை ஒட்டிவிட்டுக் கீழே வந்து, சாவியை மாட்டி, என் குச்சியை எடுத்துக்கொள்வேன். பெட்டி பிசகாமல் வேலை செய்தது. ஒரு பேட்டரியும் குழிக்குப் போகவில்லை. பதிவேடு கூட நின்றுபோனது. நான் எழுதிய நன்மைகள் அத்தனையும் எழுதியபடியே நடந்தன. செங்கல்பட்டு மாடியறையில் கதவைத் திறக்கும்போது, பேருந்து நடத்துநர்களிடம் ஊர்ப் பெயர் சொன்னதைத் தவிர அன்று யாரிடமும் வேலைக்குப் புறம்பாக ஒரு சொல்லும் பேசவில்லை என்பது பல நாள் நினைவுக்கு வரும். யாரிடம் முறையிடுவது? ஏற்பாடு என்னுடையது.

இரண்டு மாதம் கழித்து, அவருக்காக ஒரு பணிச்சான்றிதழை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, மேலாளரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மாமல்லபுரம் போய், அங்கிருந்து புதுச்சேரிப் பேருந்தில் கடப்பாக்கம். கடைத்தெருவில் விசாரித்ததும், சாலையோரத்து ஐஸ் கிடங்கைக் காட்டினார்கள்.

ஈரத் தரையில் நின்று, கொக்கியால் பனிக்கட்டிப் பாளங்களை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். வலது காலில் முழங்கால்வரை பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் கொக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

“அட, மேடமா? இம்மாந் தூரம் இன்னாத்துக்கு வந்தீங்கோ?”

சான்றிதழை நீட்டினேன். அவர் கை ஈரமாக இருந்ததால் வாங்காமல், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னார். சாவிகளையும் பூட்டுகளையும் பராமரிப்பதில் தேர்ந்தவர், நேர்மையானவர் என்பதைத் தமிழில் சொன்னேன். உள்ளே இருந்த ஒருவர் சிரித்தார்: “மச்சான், இங்க பூட்டுறதுக்குக் கதவே இல்லியே!”

“நீ கம்னு கெட,” என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். “நல்லாதான் எழுதிக்கீறீங்கோ. எவனாவது குந்த வெச்சு வேல குடுத்தான்னா காட்டறேன்.”

“நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்ணா. தப்பு என்மேலதான்.”

“ஆமா மேடம்,” என்றார். மறுக்கவில்லை. பிறகு, “டீ சொல்லட்டா?” என்று கேட்டார். அதற்குள் லாரி ஒன்று வந்து ஒலி எழுப்பியது. கையை லுங்கியில் துடைத்துத் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பேருந்து நிறுத்தம் கிடங்குக்கு நேர் எதிரே இருந்தது. மாமல்லபுரம் போகும் பேருந்து வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை நான் சாலையின் இந்தப் பக்கம் நின்றேன். அவர் அந்தப் பக்கம் பாளங்களை இழுத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, தலையைத் தூக்காமலே கையை நீட்டி, எனக்குப் பக்கத்திலிருந்த வேப்பமரத்து நிழலைக் காட்டினார். அங்கே நகர்ந்து நின்றேன்.